பன்னா: புலி தீர்ந்துபோன காட்டில் ஆறு நாள்

முதல் நாள்: சத்னாவிலிருந்து மட்லா

சென்னையிலிருந்து மத்தியப் பிரதேசத்தின் பன்னா புலிகள் காப்பகத்துக்கு வர இரண்டு வழி. விமானம் என்றால் டெல்லி போய் கஜுராஹோ. அங்கிருந்து காப்பகத்தின் மட்லா வாயில் 25 கி.மீ. வாக்கில் இருக்கும். ரயில் என்றால் கங்கா காவேரியிலோ சங்கமித்ராவிலோ ஏறி சத்னாவில் இறங்கி, பன்னா நகரம் வரை சாலையில் 75 கி.மீ. எங்கள் சிபாரிசு ரயில்தான். சத்னாவை விட்டால் கோதுமை அறுத்த வயல், கல் குவாரி, மறுபடி வயல் என்று போய், பன்னா நகரம் தாண்டியதும் சாலை வளைந்து வளைந்து இறங்கிக் காட்டுக்குள் விழும். காப்பகத்துக்கும் ஊர்களுக்கும் இடையில் எவ்வளவு மெல்லிய கோடு என்பது இந்தப் பாதையில் வந்தால்தான் புரியும். அடுத்த ஐந்து நாளில் சொல்லப்போகும் எல்லாமே அந்தக் கோட்டைப் பற்றியதுதான்.

முதலில் நடைமுறை விஷயம். மையப் பகுதி சஃபாரிக்கு மத்தியப் பிரதேச வனத்துறையின் இணையதளத்தில் முன்பதிவு. ஒரு ஜிப்சியில் (திறந்த ஜீப்) பயணிகள் ஆறு பேர், கூட வழிகாட்டியும் ஓட்டுநரும். பதிவில் கொடுத்த அதே அடையாள அட்டையின் அசல் கையில் இருக்க வேண்டும்; நகல் காட்டித் திரும்பிப் போனவர்கள் உண்டு. புதன் மதியம் சஃபாரி கிடையாது. ஜூலை 1 முதல் செப்டம்பர் 30 வரை மழைக்கால அடைப்பு. ஏப்ரல், மே மாதங்களில் வெயில் கொளுத்தும், ஆனால் நீர்நிலைகள் சுருங்குவதால் விலங்கு கண்ணில் படும். தலைக்கு ஒரு வேளைக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், புழுதிக்கு ஒரு ஈரத் துண்டு. கேமராப் பைக்கு மேலே பழைய தலையணை உறை போதும்.

இப்போது மட்லாவில் சாலையோரமெல்லாம் மஹுவா பூ கொட்டிக் கிடக்கிறது. நம்ம ஊர் இலுப்பையின் நெருங்கிய சொந்தம். விடியுமுன் கூடையோடு பொறுக்கப் போகிறவர்களும், அதே பூவுக்கு வரும் கரடியும், மானும், மானுக்குப் பின்னால் வருவதும் ஒரே மரத்தடியில் சந்திக்கும் மாதம் இது.

2009 தொடக்கத்தில் இந்தக் காட்டில் புலி ஒன்றுகூட இல்லை. 1981-ல் தேசியப் பூங்கா, 1994-ல் புலிகள் காப்பகம், மையப் பகுதி மட்டும் 540 சதுர கி.மீ.க்கு மேல். இத்தனையும் இருந்தும் புலி காகிதத்தில் இருந்தது, காட்டில் இல்லை. கணக்கெடுத்த முறைக்கும் இதில் பங்குண்டு. காலடித் தடத்தின் மேல் கண்ணாடியை வைத்து வரைந்தெடுப்பார்கள். அல்லது பாரிஸ் சாந்து ஊற்றி அச்செடுப்பார்கள். ஒரே புலி ஈர மணலில் ஓர் அளவு பதிக்கும், நுண்புழுதியில் வேறு அளவு பதிக்கும், ஓடும்போது இன்னொன்று. ஆக ஒரு புலி மூன்று புலியாகும். இங்கே 1990களின் பிற்பாதியில் புலிகளுக்கு ரேடியோ காலர் (இருக்கும் இடத்தை அலைவரிசையில் சொல்லும் கழுத்துப்பட்டை) மாட்டி ஆராய்ந்த ரகு சுண்டாவத், எண்ணிக்கை சரிகிறது என்று முன்பே சொல்லிவிட்டார். பதிவேடு வேறு சொல்லியது. பதிவேட்டைத்தான் நம்பினார்கள்.

இரண்டாம் நாள்: மேடு, பள்ளம், மூன்று புலிகள்

பன்னாவின் தரை படிக்கட்டு மாதிரி. மேலே தால்காவ் மேட்டுநிலம், நடுவில் ஹினௌதா மேட்டுநிலம், கீழே கேன் ஆற்றுப் பள்ளத்தாக்கு. படிகளுக்கு இடையில் செங்குத்தான பாறை இறக்கம். மேட்டை அறுத்துக்கொண்டு இறங்கும் ஆழமான பிளவுகளுக்கு இந்த ஊரில் ‘சேஹா’ என்று பெயர். மேலே தேக்கு காய்ந்து இலையுதிர்த்து நிற்க, சேஹாவுக்குள் எட்டிப் பார்த்தால் பச்சை, தண்ணீர், நிழல். துந்துவா சேஹாவின் பாறை விளிம்புகளில் பாறு கழுகுகள் வரிசையாக உட்கார்ந்திருக்கின்றன. பன்னாவில் பாறு கழுகு ஏழு வகை. குட்டி போட நினைக்கும் பெண்புலிக்கும் இந்தப் பாறை இடுக்குகள்தான் வீடு.

காலை சஃபாரியில் ஒரு குறிப்பு. புள்ளிமான் கத்தினால் உடனே வண்டியைத் திருப்ப வேண்டியதில்லை. அது நரியைக் கண்டாலும் கத்தும். கடமான் நின்ற இடத்திலிருந்து ‘டாங்க்’ என்று திரும்பத் திரும்பக் கத்தினால் நம்பலாம். மரத்து மேலே மந்தி இருமுவது போலக் குரல் கொடுத்துக் கீழே ஒரே திசையைப் பார்த்தால் இன்னும் நல்லது. நல்ல வழிகாட்டி எஞ்சினை நிறுத்திவிட்டுக் காத்திருப்பார். ஓட்டிக்கொண்டே தேடுகிறவர் டயர்த் தடத்தைத்தான் காட்டுவார்.

வேறு காடுகளிலிருந்து புலிகளைக் கொண்டு வந்து விட்ட மறுகுடியமர்த்தல் எப்படித் தொடங்கியது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். 2009 மார்ச்சில் இரண்டு பெண்புலிகள் வந்தன. டி-1 இதே மாநிலத்தின் பாந்தவ்கர் காப்பகத்திலிருந்து சாலை வழியாக. டி-2 கான்ஹா காப்பகத்திலிருந்து விமானப்படை ஹெலிகாப்டரில். பன்னாவில் கடைசியாக ஓர் ஆண்புலி மிச்சம் இருக்கிறது, அதற்குத் துணை என்பதுதான் திட்டம். பெண்கள் வந்து இறங்கியபோது அந்த ஆணையும் காணவில்லை. மாப்பிள்ளை இல்லாத வீட்டுக்குப் பெண்ணை அனுப்பியது போல எட்டு மாதம் ஓடியது.

நவம்பரில் பெஞ்ச் காட்டிலிருந்து டி-3 என்ற ஆண் வந்தது. சில நாள் வேலி அடைப்பில் வைத்துத் திறந்துவிட்டார்கள். அது காட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, மாதக் கடைசியில் தெற்கே நடக்கத் தொடங்கியது. தெற்கே இருப்பது பெஞ்ச். புலிக்குத் தன் ஊர் எந்தத் திசை என்று தெரியும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். சத்தர்பூர், சாகர், தமோ மாவட்டங்கள் வழியாக, இரவில் நடை, பகலில் புதர் மறைவில் படுக்கை. நான்கு யானைகளும் எழுபது பேரளவு ஆட்களும் காலர் சமிக்ஞையைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே போனார்கள். அவர்கள் வேலை புலியைத் துரத்துவது அல்ல. அது படுத்திருக்கும் வயலுக்கு ஊர்க்காரர்கள் கூட்டமாக வராமல் பார்த்துக்கொள்வது. ஒரு மாதம், 400 கி.மீ.க்கு மேல், மனிதர் யாருக்கும் காயமில்லை. டிசம்பர் 25 அன்று தமோ மாவட்டத்தில் மயக்க ஊசி போட்டுப் பிடித்து, மறுநாள் பன்னாவில் விட்டார்கள்.

முதல் முறை செய்யாத ஒன்றை இந்த முறை செய்தார்கள்: பெண்புலியின் சிறுநீரைக் காட்டில் தெளித்தார்கள். புலிக்கு இடம் என்பது மணம்தான். மரத்தில், புதரில், பாறையில் பீய்ச்சிய சிறுநீர்தான் ‘இங்கே யார், எப்போது வந்தார், எந்த நிலையில் இருக்கிறார்’ என்ற தகவல். அது இல்லாத காடு, எவ்வளவு மான் இருந்தாலும், ஆண்புலிக்குக் காலி வீடு.

2010 ஏப்ரல் 16 அன்று டி-1 குட்டி போட்டது. புலிக்குச் சினைக்காலம் 103 முதல் 105 நாள். டிசம்பர் 26-லிருந்து எண்ணினால் 111 நாள் வருகிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: திரும்பி வந்த ஒரு வாரத்துக்குள் டி-3, டி-1-ஐக் கண்டுபிடித்துவிட்டது.

மூன்றாம் நாள்: காலர், ஆன்டெனா, மூன்று ஷிப்ட்

சாலையோரம் கூரைமேல் ஆன்டெனா வைத்த ஜீப் ஒன்று நிற்கிறது. உள்ளே இருவர், ஒரு குறிப்பேடு, ஒரு திசைகாட்டி. பன்னாவின் வெற்றி என்று பத்திரிகைகள் எழுதுவதெல்லாம் இந்த ஜீப்பில்தான் இருக்கிறது. அன்றைய கள இயக்குநர் ஆர். சீனிவாச மூர்த்தியின் ஆட்களும், தேராதூன் இந்திய வனவிலங்கு நிறுவனத்தைச் சேர்ந்த கே. ரமேஷின் ஆய்வுக் குழுவும் காலர் மாட்டிய புலிகளை இரவு பகல் 24 மணி நேரமும் விடாமல் பின்தொடர்ந்தார்கள். புலியைக் கூண்டில் ஏற்றி வருவது ஓரிரு நாள் வேலை. இது வருடக்கணக்கு.

முதலில் மயக்க ஊசி. யானை மேலிருந்து சுடுவதுதான் இங்கே வழக்கம்; யானையைக் கண்டு புலி ஓடாது, சுடுபவருக்கும் உயரம் கிடைக்கும். தொடையின் தசை குறி. மருந்து பெரும்பாலும் இரண்டின் கலவை: சைலசின் அல்லது மெடிடோமிடின் ஒன்று, அதோடு கீட்டமின். ஊசி ஏறியதும் விரட்டக் கூடாது. பத்து, பதினைந்து நிமிடம் அமைதியாக விட வேண்டும். பதறி ஓடினால் மருந்து சரியாக வேலை செய்யாது. தண்ணீரில் போய் விழுந்தால் மூழ்கும். பாறை விளிம்பில் சாய்ந்தால் முடிந்தது. படுத்த பின் நீளக் கம்பால் தொட்டுப் பார்த்து, காது அசையாவிட்டால் கிட்டே போகலாம். கண் திறந்தே இருக்கும், காய்ந்துவிடும்; களிம்பு போட்டுத் துணியால் கட்ட வேண்டும். பிறகு வெப்பமானி. வெயில் காலத்தில் எல்லாரும் பயப்படுவது இதற்குத்தான். மயக்கத்தில் உடல் தன் சூட்டைக் கட்டுப்படுத்தாது. 40 டிகிரி தாண்டினால் மற்ற வேலையெல்லாம் நின்று, தண்ணீர் ஊற்றத் தொடங்கிவிடுவார்கள். ஆகவே ஏப்ரல், மேயில் இதைத் தவிர்ப்பார்கள். வேறு வழியில்லை என்றால் விடியற்காலை.

காலர் மாட்டும்போது கழுத்துக்கும் பட்டைக்கும் இடையே இரண்டு மூன்று விரல் நுழைய வேண்டும். இறுக்கினால் புண், தளர்த்தினால் முன்காலை உள்ளே விட்டுக்கொண்டு நொண்டும். வளர்கிற இளம்புலிக்கு ஆறு மாதத்தில் எவ்வளவு கழுத்து பெருக்கும் என்று கணித்து மாட்டுவது அனுபவக் கை. எழுப்பும் மருந்து சைலசின் வகைக்கு மட்டும்தான் உண்டு, கீட்டமினுக்கு இல்லை. கீட்டமின் வடியுமுன் மாற்று மருந்தைப் போட்டால் புலிக்கு வலிப்பு வரும். எல்லா வேலையும் முடிந்தாலும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான்.

இனி ஆன்டெனா. காலர் விஎச்எஃப் அலைவரிசையில் ‘டிக்… டிக்…’ என்று அனுப்பிக்கொண்டே இருக்கும். மீன்முள் மாதிரி இருக்கும் யாகி ஆன்டெனாவைத் தலைக்கு மேல் பிடித்து மெல்லச் சுழற்றினால், ஒரு திசையில் சத்தம் பலக்கும். அந்தத் திசையின் கோணத்தைத் திசைகாட்டியில் படித்து எழுதுவார்கள். ஓர் இடத்திலிருந்து எடுத்தால் ஒரு கோடுதான் கிடைக்கும். மூன்று இடத்திலிருந்து எடுத்து வரைபடத்தில் போட்டால் மூன்று கோடும் ஒரு சின்ன முக்கோணமாக வெட்டிக்கொள்ளும், புலி அதற்குள். மூன்றையும் இருபது நிமிடத்துக்குள் எடுத்தாக வேண்டும். தாமதித்தால் புலி நகர்ந்து, முக்கோணம் ஒரு கிராமத்தையே விழுங்கும் அளவுக்குப் பெரிதாகிவிடும்.

பன்னாவில் இதற்கு ஒரு தனித் தொல்லை சேஹா. பாறைச் சுவரில் பட்டு அலை திரும்பும். கிழக்கே இருக்கும் புலி மேற்கே கத்தும். எதிரொலி என்றால் ஆன்டெனாவைச் சுற்றும்போது சத்தம் இரண்டு மூன்று திசைகளில் பலக்கும், எதுவும் கூர்மையாக இருக்காது. உடனே மேட்டு விளிம்புக்கு ஏறி மறுபடி எடுக்க வேண்டும். ஜிபிஎஸ் காலருக்கும் அங்கே திண்டாட்டம்தான். ஆழப் பிளவுக்குள் தெரியும் வானம் குறுகல், போதிய செயற்கைக்கோள் கிடைக்காது. கணினித் திரையில் புள்ளி வரும் காலத்திலும் யாகியைத் தூக்கிப் போடாமல் வைத்திருப்பது இதனால்தான்.

டிக் வேகம் மாறினால் எச்சரிக்கை. பல மணி நேரம் அசைவே இல்லாவிட்டால் காலர் தானாக வேறு தாளத்துக்குப் போகும்படி அமைத்திருப்பார்கள். புலி செத்திருக்கலாம், காலர் கழன்று விழுந்திருக்கலாம், யாரோ அறுத்து எறிந்திருக்கலாம். மூன்றில் எது என்று போய்ப் பார்க்காமல் தெரியாது.

புள்ளிகளைப் படிப்பது தனிக் கலை. ஒரே இடத்தைச் சுற்றி ஒன்றிரண்டு நாள் புள்ளி குவிந்தால் வேட்டை அடித்திருக்கிறது. புலி கிளம்பிய பிறகு போய் எலும்பைப் பார்த்து என்ன இரை என்று எழுதுவார்கள். ஒரு புலிக்கு ஆண்டுக்குச் சுமார் 50 மான் அளவுள்ள இரை வேண்டும், அதாவது வாரத்துக்கு ஒன்று. பத்து நாளாகக் குவியல் எதுவும் இல்லையென்றால் புலிக்கு அடிபட்டிருக்கலாம். பெண்புலி போய்ப் போய் ஒரே பாறை இடுக்குக்குத் திரும்பினால் குட்டி. அப்போது யாரும் கிட்டே போகக் கூடாது. மனித வாடை பட்டால் குட்டியை வாயில் கவ்விக்கொண்டு இடம் மாற்றும், அந்த மாற்றத்தில் குட்டி சாகும்.

டி-4, டி-5 இரண்டும் இந்தக் கண்காணிப்பு இல்லாமல் பிழைத்திருக்காது என்பது எங்கள் கருத்து. கான்ஹாவில் தாய் செத்து, அடைப்பில் மனிதக் கையால் வளர்ந்த அக்கா தங்கை. அடைப்புக்குள்ளேயே உயிருள்ள இரை விட்டு வேட்டை பழக்கி, 2011-ல் ஒன்றன்பின் ஒன்றாகப் பன்னாவில் விட்டார்கள். கூண்டில் வளர்ந்த புலி காட்டுக்கு ஆகாது என்ற பேச்சு அதுவரை உறுதியாக இருந்தது. டி-4 அதே ஆண்டு நவம்பரில் காட்டில் குட்டி போட்டது.

நான்காம் நாள்: கேன் ஆறு

இன்று வெயில் அதிகம், எழுத்து குறைவு. ரானே அருவியில் ஏப்ரலில் தண்ணீர் இல்லை, ஆனால் பார்க்க வேண்டியது பாறைதான்: இளஞ்சிவப்பும் சாம்பலும் கறுப்புமாகக் கருங்கல் பள்ளம். அதையொட்டி ‘கரியால்’ என்ற நீள மூக்கு முதலைகளுக்கான சரணாலயம். மதியத்துக்கு மேல் போகாதீர்கள், பாறைச் சூடு கால் செருப்பைத் தாண்டி ஏறும்.

கேன் ஆற்றில் இனி வரப்போவது தௌதன் அணை. கேன்–பெட்வா நதி இணைப்பின் பகுதி. உயரம் 77 மீட்டர், நீளம் 2 கி.மீ.க்கு மேல். 2024 டிசம்பர் 25 அன்று கஜுராஹோவில் அடிக்கல் நாட்டினார்கள். டி-3 பிடிபட்டதும் ஒரு டிசம்பர் 25 தான். மூழ்கும் பரப்பு 90 சதுர கி.மீ. அளவு, அதில் 58 சதுர கி.மீ. வரை புலிகள் காப்பகம். இந்தப் புந்தேல்கண்ட் வட்டாரத்தின் தண்ணீர்ப் பஞ்சம் நிஜம், அதை மறுக்க முடியாது. ஆனால் பரப்பைச் சதவீதமாகச் சொல்லி ‘காப்பகத்தில் பத்தில் ஒரு பங்குதானே’ என்பது ஏமாற்றுக் கணக்கு. மூழ்குவது ஆற்றங்கரைப் பள்ளத்தாக்கு. கோடையில் மான் திரள்வதும், மேட்டுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் விலங்கு கடப்பதும் அங்கேதான். மேட்டில் நூறு ஏக்கர் போவதும் பள்ளத்தில் நூறு ஏக்கர் போவதும் புலிக்கு ஒன்றல்ல.

ஐந்தாம் நாள்: கண்ணி

காப்பகத்துக்கு வெளியே இருக்கும் வளையத்தில் இன்றைய நாள். புலிக்கு ஆபத்து பெரும்பாலும் துப்பாக்கி என்று நினைத்துக்கொண்டு வருகிறவர்கள் இங்கே ஒரு பொருளைக் கையில் வாங்கிப் பார்க்க வேண்டும்: மோட்டார் சைக்கிள் கிளட்ச் ஒயர். ஒன்றரை மீட்டர் இருக்கும். ஒரு முனையில் இருக்கும் ஈயக் குண்டைத் தடுப்பாக்கிச் சுருக்கு போட்டு, மறு முனையை இளமரத்தில் கட்டுகிறார்கள். வயல் வேலியில் காட்டுப்பன்றி நுழையும் சந்தில், முழங்கால் உயரத்தில் தொங்கவிட்டு, காய்ந்த புல்லால் மறைத்தால் முடிந்தது. குறி பன்றிதான். ஆனால் பன்றி போகும் சந்தில் அதைத் தேடிப் புலியும் போகும். இழுக்க இழுக்க இறுகும். எஃகு இழை அறாது. இடுப்பிலோ கழுத்திலோ தசையை அறுக்கும். 2022 டிசம்பரில் பன்னா வடக்கு வனக்கோட்டத்தில் இப்படிச் சுருக்கில் மாட்டி மரத்தில் தொங்கிய நிலையில் ஒரு புலியின் உடல் கிடைத்தது.

தேடும் முறை எளிது, அலுப்பானது. கதிர் முற்றும் பருவத்தில், வேலி ஓரமாக, கையில் கம்போடு நடை. கண்ணைத் தரையில் வைக்காமல் முழங்கால் உயரத்தில் வைக்க வேண்டும். கட்டிய இளமரத்தின் பட்டை தேய்ந்திருக்கும், அது முதல் அடையாளம். அறுத்த ஒயரை அங்கேயே போடாமல் எண்ணி எடுத்து வர வேண்டும்; விட்டால் மறுநாள் அதே ஒயர் வேறு சந்தில்.

மின்சாரம் இன்னும் மோசம். 11 கிலோவோல்ட் (கி.வோ.) மின்கம்பியில் கொக்கி போட்டு, இரும்புக் கம்பியை முளைக்குச்சிகளில் நூற்றுக்கணக்கான மீட்டர் இழுக்கிறார்கள். குச்சிக்கும் கம்பிக்கும் நடுவில் கண்ணாடி பாட்டில் கழுத்து. இரவில் போட்டு விடியுமுன் சுருட்டிவிடுவதால் பகல் ரோந்துக்குக் கிட்டாது. இங்கே உதவுவது துணை மின்நிலையப் பதிவேடு. நள்ளிரவில் ஒரு ஃபீடர் (அங்கிருந்து கிளம்பும் மின்பாதை) காரணமின்றி விழுந்தால், எந்தப் பக்கம் என்று உடனே வனத்துறைக்குச் சொல்லும் ஏற்பாடு இருந்தால் ஆளையும் கம்பியையும் ஒன்றாகப் பிடிக்கலாம். இரண்டு துறைகளின் இரவுப் பணியாளர்கள் ஒருவர் எண்ணை ஒருவர் வைத்திருப்பது, பத்து கேமரா வாங்குவதைவிடப் பயன் தரும்.

மாடு அடிபட்டால் என்ன செய்வது என்பதும் ஊருக்கு ஊர் ஒரே பாடம்: இறந்த மாட்டை இழுத்துப் போடாதே, உடனே சொல். புலி மிச்சத்துக்கு நிச்சயம் திரும்பி வரும். ஆத்திரத்தில் அதன்மேல் பூச்சிமருந்து தூவினால் புலி சாகும், பிறகு பாறு கழுகுகள் கூட்டமாகச் சாகும். ராஜஸ்தானில் சரிஸ்காவுக்கு 2008-ல் கொண்டு வந்த முதல் ஆண்புலி 2010-ல் நஞ்சில்தான் போனது. இழப்பீடு எவ்வளவு என்பதைவிட எத்தனை நாளில் கைக்கு வருகிறது என்பதுதான் அந்த ஆத்திரத்தைத் தீர்மானிக்கிறது.

மாலையில் பார்தி இளைஞர்கள் வழிகாட்டும் காட்டு நடை. தலைமுறைகளாக வேட்டையே பிழைப்பாக இருந்த சமூகம். பெருங்காமநல்லூர் துப்பாக்கிச்சூடு வழியாக நமக்குத் தெரிந்த, சமூகத்தையே பிறவிக் குற்றவாளிகளாக முத்திரை குத்திய அதே குற்றப் பரம்பரைச் சட்டம் இவர்கள் மேலும் பாய்ந்தது. சட்டம் 1952-ல் போனது, முத்திரை போகவில்லை. கௌதாரிக் குரலை வாயால் எழுப்பி, புதருக்குள் இருக்கும் நிஜக் கௌதாரியைப் பதில் சொல்ல வைக்கிறார்கள். ஒரு கிளை எந்த உயரத்தில் முறிந்திருக்கிறது என்பதைப் பார்த்தே போன விலங்கு எது என்கிறார்கள். புலி அழிந்ததில் வேட்டைக் கும்பல்களுக்குப் பங்குண்டு என்பதால் இந்தச் சமூகம் முழுவதையும் காட்டை விட்டு விரட்டச் சொன்ன குரல்களும் அன்று இருந்தன. கண்ணி எங்கே கட்டுவார்கள் என்று தெரிந்தவர்களைத் தள்ளி வைத்துவிட்டுக் கண்ணியைத் தேடுவது என்ன புத்தி?

ஆறாம் நாள்: எல்லை தாண்டியவை

பன்னாப் புலிகளின் பெயர் ஒரு குடும்ப அட்டை. பி-213 என்றால்: பி என்பது பன்னா, 2 என்பது தாய் டி-2, 1 என்பது முதல் ஈற்று, 3 என்பது அந்த ஈற்றில் மூன்றாவது குட்டி. பி-213(32) என்றால் பி-213-ன் மூன்றாவது ஈற்றில் இரண்டாவது. 2021-ல் இந்த பி-213(32) இறந்தபோது வேட்டை பழகாத நான்கு குட்டிகள் மிஞ்சின. வழக்கமாக இந்த நிலையில் குட்டிகளைப் பிடித்து அடைப்பில் போட்டுவிடுவார்கள். இங்கே தகப்பன் பி-243 குட்டிகளோடு சுற்றுவதைக் கண்டு, அதற்குக் காலர் மாட்டி, தள்ளி நின்று பார்த்தார்கள். ஆண்புலி குட்டியைப் பார்த்துக்கொள்ளாது என்ற பாடத்தில் ஒரு திருத்தம்.

மூன்று வெவ்வேறு காடுகளிலிருந்து வந்த ரத்தம் என்பதால் பன்னாவுக்குத் தொடக்கம் நன்றாக அமைந்தது. சரிஸ்காவுக்கு வந்தவை எல்லாம் அதே ராஜஸ்தானின் ரந்தம்போர் காட்டின் நெருங்கிய உறவுகள். முதல் குட்டிக்கு 2012 வரை காத்திருக்க வேண்டி வந்தது. ஒடிசாவின் சத்கோசியாவில் 2018-ல் நடந்தது இன்னும் கசப்பு: மத்தியப் பிரதேசத்திலிருந்து கொண்டு போன இரண்டில் ஆண் சில மாதங்களில் கண்ணிக் காயத்தில் செத்தது, சுந்தரி என்ற பெண்புலி மேல் ஆட்களைக் கொன்ற பழி விழுந்து, பிடித்து அடைத்து, கடைசியில் மத்தியப் பிரதேசத்துக்கே திரும்பியது. புலிகள் போன இடமும் நல்ல காடுதான். சுற்றி இருந்த ஊர்களிடம் யாரும் முன்கூட்டிப் பேசவில்லை.

பன்னாவில் இப்போது ஐம்பதுக்கு மேல். இடம் போதாது, இளசுகள் வெளியேறுகின்றன. வடகிழக்கே சத்னாக் காடுகள் வழியாக உத்தரப் பிரதேசத்தின் சித்ரகூட் வரை நடந்தே போகின்றன. அங்கே 2022-ல் ரானிப்பூர் புலிகள் காப்பகம் அறிவிக்கப்பட்டது, 529 சதுர கி.மீ. கூண்டும் ஹெலிகாப்டரும் இல்லாமல் நடக்கும் திரும்பல் இது. வழியில் சத்னா–மாணிக்பூர் ரயில் பாதை காட்டை அறுத்துக்கொண்டு போகிறது. பிறகு வயல், கிளட்ச் ஒயர், 11 கி.வோ. கம்பி. காலர் இல்லாத புலி என்றால் அது போனது தெரியாது, செத்தாலும் தெரியாது.

நெடுந்தூரம் நடப்பது பெரும்பாலும் ஆண்தான். பெண் குட்டி தாய்க்குப் பக்கத்திலேயே ஒரு துண்டு இடம் பிடித்து உட்கார்ந்துவிடும். ஆகவே ரானிப்பூர் போகிறவர்கள் எத்தனை புலி என்று கேட்காமல் தடத்தைப் பாருங்கள். ஆணின் பின்னங்கால் தடம் ஏறக்குறைய சதுரம், விரல்கள் உருண்டை. பெண்ணுடையது நீள்சதுரம், விரல்கள் ஒடுக்கம். நீள்சதுரத்துக்குப் பக்கத்தில் கைக்குள் அடங்கும் அளவில் சின்னத் தடம் நிறையக் கிடந்தால் அதுதான் செய்தி. சூரியன் ஏறுமுன் போய்விடுங்கள். சாய்ந்த வெளிச்சத்தில்தான் தடத்தின் விளிம்பு நிழல் விழுந்து தெளியும். எட்டு மணிக்கு மேல் ஊர் மாடுகள் அதே வழியில் இறங்கிவிடும்.